தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் சாகாத காட்டுமிராண்டி

2003ஆம் ஆண்டு. ஏ9 பாதை திறந்து ஒரு வருடம் கடந்திருந்தது. வன்னியில் நாங்கள் இருந்த ஊரில் மின்சாரம் இல்லை. யாராவது வீட்டில் பிறந்தநாள் அல்லது சாமத்தியவீடு என்றால் ஜெனரேற்றரும் ரீவியும் வாடகைக்கு எடுத்து விடியவிடியப் படம் போடுவார்கள். இரண்டு தமிழ்ப் படங்களுக்கு நடுவில் பெடியங்களுக்காக ஓர் இங்கிலிஷ் படமும் ஓடும். அப்படி ஓர் இரவில்தான் கொனானை முதலில் பார்த்தேன்.

1982இல் வெளிவந்த 'கொனான் த பார்பேரியன்' என்ற படம் அது. இயக்கியவர் ஜோன் மிலியஸ், நடித்தவர் ஆர்னோல்ட் ஷுவார்ஸ்நெகர். இந்த விவரமெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை. அன்று எங்களுக்குப் பாஷை விளங்கவில்லை. ஆனால் படம் விளங்கியது. பனி கொட்டும் ஒரு கிராமத்துக்குள் குதிரைகளில் ஆட்கள் வருகிறார்கள். வீடுகள் எரிகின்றன. ஒரு சிறுவன் தாயின் கையைப் பிடித்தபடி நிற்க, அவன் கண்முன்னால் தாயின் தலை வெட்டப்படுகிறது. பிடித்த கை மட்டும் அவனிடம் இருந்து நழுவுகிறது.

அம்மம்மா பாயிலிருந்து எழும்பினார். "உதைப் பார்க்கவோ பிள்ளையள் ரீவி எடுத்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டு இருட்டுக்குள் வீட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் இருந்து கடைசிவரை பார்த்தோம். மறுநாள் ஊர்ப் பெடியங்கள் எல்லோர் கையிலும் பனம்மட்டை வாள். என் தம்பி ஒரு கிழமையாகச் சட்டை போட மறுத்தான்.

பிற்பாடு பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தபோது, வெகுசனப் பண்பாடு பற்றிய ஒரு கட்டுரைக்காகக் கொனானிடம் திரும்பிப் போனேன். இம்முறை மூலக் கதைகளை வாசித்தேன். முதல் ஆச்சரியம், அம்மம்மாவை எழும்பிப் போக வைத்த அந்தக் காட்சி மூலக் கதைகளில் இல்லவே இல்லை என்பது. அந்த வித்தியாசத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. நாகரிகத்தை நம்பாத, வாளை மட்டும் நம்புகிற ஒரு காட்டுமிராண்டியை உலகம் ஏன் இத்தனை காலமாக விரும்புகிறது? வாளும் துவக்கும் என்ன செய்யும் என்று கண்ட எங்களுக்கு அவனிடம் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

சொல்லுக்குள் இருக்கும் தீர்ப்பு

'பார்பேரியன்' என்ற சொல் பண்டைய கிரேக்கர்களிடமிருந்து வந்தது. கிரேக்க மொழி பேசாதவர்களின் பேச்சு அவர்களுடைய காதுக்கு 'பர் பர்' என்று கேட்டது. ஆகவே அப்படிப் பேசுபவன் 'பார்பரோஸ்'. சமஸ்கிருதத்தின் 'மிலேச்சர்' என்ற சொல்லும் இதே வழியில் வந்ததுதான். தெளிவற்றுப் பேசுபவர் என்பதே அதன் அடி. அதாவது காட்டுமிராண்டி என்று ஒருவரை முதலில் அடையாளப்படுத்தியது அவர் செய்த கொடுமை அல்ல. அவருடைய மொழி எனக்கு விளங்கவில்லை என்பதுதான். சோதனைச்சாவடியில் தனக்குத் தெரியாத மொழியில் கேட்கப்பட்ட கேள்விக்குத் தமிழில் பதில் சொல்லிவிட்டு, எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்து நின்ற எவருக்கும் இந்தச் சொல்லாராய்ச்சியை விளக்கத் தேவையில்லை.

தமிழிலும் சொற்கள் தம் தீர்ப்பைத் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. 'நாகரிகம்' என்பதற்குள் நகரம் இருக்கிறது. 'காட்டுமிராண்டி' என்பதற்குள் காடு இருக்கிறது. நகரத்தில் இருப்பவன் பண்பானவன், காட்டில் இருப்பவன் பண்பற்றவன் என்ற முடிவு பேச்சைத் தொடங்கும் முன்பே எடுக்கப்பட்டாயிற்று. இந்தத் தீர்ப்பைத் தலைகீழாகப் புரட்டியதுதான் காட்டுமிராண்டி நாயகக் கதைகளின் முதல் கவர்ச்சி.

எண்ணெய்க் கிணற்று ஊரில் பிறந்த நாயகன்

கொனானை உருவாக்கியவர் ரொபேர்ட் ஈ. ஹோவார்ட். 1906 ஜனவரியில் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். தந்தை கிராமத்து மருத்துவர். 1919இல் குடும்பம் கிறோஸ் பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரில் குடியேறியது. அவ்வூரில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டபோது என்ன நடந்தது என்பதை ஹோவார்ட் பதின்ம வயதில் நேரில் பார்த்தார். அந்நியர்கள் குவிந்தார்கள். பணம் புரண்டது. சூதும் குடியும் அடிதடியும் பெருகின. எண்ணெய் வற்றியதும் வந்தவர்கள் போய்விட, ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. நாகரிகம், அபிவிருத்தி என்று சொல்லப்படுவது எந்த வேகத்தில் வந்து எதை விட்டுவிட்டுப் போகும் என்ற பாடத்தை அவர் அங்கேதான் படித்தார்.

1925இல், 19 வயதில், 'வியர்ட் ரேல்ஸ்' என்ற மலிவு விலைச் சஞ்சிகையில் அவருடைய முதல் கதை வெளியானது. கிடைத்த சன்மானம் 16 டொலர். அதன்பின் குத்துச்சண்டைக் கதை, கௌபோய்க் கதை, பேய்க் கதை என்று எது விலைபோகுமோ அதையெல்லாம் எழுதினார். 1932 டிசெம்பரில் அதே சஞ்சிகையில் கொனான் தோன்றினான். அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சிக்குள் கிடந்த நேரம் அது. வேலையில்லாதவர்கள் வரிசையில் நின்றார்கள், வங்கிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வங்கியையும் நீதிமன்றத்தையும் முதலாளியையும் நம்பி ஏமாந்த வாசகர்கள் முன்னால், இவை எதையும் நம்பாத ஒருவன் வந்து நின்றான்.

அடுத்த நான்கு ஆண்டுகளில் 17 கொனான் கதைகள் அச்சேறின. காசநோயால் நீண்டகாலம் படுக்கையில் கிடந்த தாயைப் பராமரித்தபடியே ஹோவார்ட் எழுதினார். சஞ்சிகை அவருக்குத் தரவேண்டிய பணம் பாக்கியாகிக்கொண்டே போனது. எழுதிப் பிழைக்கும் சுயாதீன ஊடகவியலாளர்கள் எவருக்கும் இந்த இடம் பழக்கமானதாக இருக்கும். 1936 ஜூன் 11 அன்று, தாய் இனிக் கண்விழிக்கமாட்டார் என்று தெரிந்துகொண்ட ஹோவார்ட் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 30. தாய் மறுநாள் இறந்தார். உலகிலேயே அசைக்கமுடியாத நாயகனைப் படைத்தவர் ஓர் இழப்பைத் தாங்கமுடியாமல் போய்ச்சேர்ந்தார் என்பதைக் கொனான் ரசிகர்கள் மறக்கக்கூடாது என்று நினைக்கிறேன். அசையாத நாயகர்களைப் பெரும்பாலும் எழுதுவது அசைக்கப்பட்டவர்கள்தான்.

கோபுரத்துக்குள் இருந்த கைதி

கொனானிடம் என்ன விழுமியம் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது 1933இல் வெளியான 'யானையின் கோபுரம்' கதையை. இளைஞன் கொனான் ஒரு நகரத்துக்கு வந்திருக்கிறான். அங்கு ஒரு மந்திரவாதிக் குருவின் உயர்ந்த கோபுரம். உச்சியில் விலைமதிப்பற்ற கல் ஒன்று இருப்பதாகப் பேச்சு. அதைத் திருட அவன் ஏறுகிறான்.

மேலே அவன் காண்பது யானைத்தலை கொண்ட ஓர் உயிரை. எங்கள் வாசகர்களுக்குப் பிள்ளையார் நினைவுக்கு வருவார். ஆனால் இது கடவுள் அல்ல, கைதி. வேற்றுக் கோளிலிருந்து வந்த அந்த உயிரைக் குரு ஏமாற்றிப் பிடித்து, கண்களைக் குருடாக்கி, அங்கங்களைச் சிதைத்து, அதன் அறிவைப் பிழிந்து மந்திரம் கற்றிருக்கிறான். முந்நூறு ஆண்டுகள். நகரம் அண்ணாந்து பார்த்து வியக்கும் கோபுரம் அந்தச் சித்திரவதையின் மீதுதான் நிற்கிறது.

கொனான் என்ன செய்கிறான்? முதலில் பயப்படுகிறான். பிறகு பயம் போய் இரக்கம் வருகிறது. அதற்கும் பிறகு வருவதுதான் முக்கியம்: வெட்கம். இதை அவன் செய்யவில்லை. செய்தவனை அவன் அறியவும் மாட்டான். ஆனாலும் முழு மனித இனத்தின் குற்றமும் தன் தோளில் ஏறியதுபோல அவன் கூசிப்போகிறான். கைதி கேட்டுக்கொண்டபடி அதற்குச் சாவைக் கொடுத்து விடுவிக்கிறான். குருவுக்கும் முடிவு வருகிறது. கோபுரம் இடிந்து விழுகிறது. திருடப் போனவன் வெறுங்கையுடன் வெளியே வருகிறான்.

மூடிய அறைகளுக்குள் நடந்தவை பற்றி இந்த நாட்டில் எத்தனை வாக்குமூலங்கள் பதியப்பட்டன என்று எங்களுக்குத் தெரியும். ஆணைக்குழுக்களின் முன் மணிக்கணக்காகக் காத்திருந்து, பேசிவிட்டு வீட்டுக்கு வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் பலர் எதிர்பார்த்தது இழப்பீட்டுக்கும் முன்னால் ஒன்றை: எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தில் ஒரு வெட்கம். 'நான் செய்யவில்லை, ஆனால் இது நடந்ததற்காக வெட்கப்படுகிறேன்' என்ற ஒரு முகம். ஒரு மலிவு விலைச் சஞ்சிகைக் கதையில், எழுத்தறிவோ சட்டஅறிவோ இல்லாத ஒரு திருடனிடம் அந்த முகம் இருந்தது.

நண்பனைக் காட்டிக்கொடாதவன்

1934இல் வந்த 'கறுப்புக் கரையின் அரசி' கதை, கொனான் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பலுக்குள் பாய்ந்து ஏறுவதுடன் தொடங்குகிறது. ஏன் ஓடிவருகிறாய் என்று மாலுமி கேட்க, நடந்ததைச் சொல்கிறான். அரச காவற்படைத் தலைவன் ஒருவன் ஓர் இளம் சிப்பாயின் காதலியிடம் வன்முறை காட்ட, சிப்பாய் அவனைக் கொன்றுவிட்டுக் காதலியுடன் ஓடிவிட்டான். சிப்பாய் கொனானின் நண்பன். அவன் எங்கே என்று நீதிபதி கேட்கிறார். நண்பனைக் காட்டிக்கொடுக்க முடியாது என்கிறான் கொனான். அரசுக்கும் சமூகத்துக்கும் உனக்குக் கடமை உண்டு என்று நீதிபதி நீளமாகப் போதிக்கிறார். கொனானுக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் நீதிமன்றத்தை அவமதித்ததற்காக, அவன் நண்பனைக் காட்டிக்கொடுக்கும்வரை நிலவறையில் போடச் சொல்கிறார்கள். எல்லோருக்கும் பைத்தியம் என்று முடிவுகட்டிய கொனான், வாளை உருவி நீதிபதியின் மண்டையைப் பிளந்துவிட்டு வெளியேறுகிறான்.

இந்த நாட்டில் 1979இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்படி, தெரிந்த தகவலைப் பொலிஸாருக்குச் சொல்லாமல் விடுவதே ஒரு குற்றம். கொனான் மீது சாட்டப்பட்ட குற்றமும் கிட்டத்தட்ட அதுதான். ஒருவேளைச் சோறு கொடுத்ததற்காக, ஒரு பெயரைச் சொல்லாததற்காக உள்ளே போனவர்களை அறிந்த வாசகர் இந்தப் பக்கத்தை வாசிக்கும்போது, ரெக்சாஸ்காரர் நினைக்காத ஒரு பொருள் அதில் ஏறிவிடுகிறது. விசுவாசமா சட்டமா என்ற கேள்விக்குக் காட்டுமிராண்டி நாயகனின் பதில் எப்போதும் ஒன்றுதான்: முகம் தெரிந்த மனிதர் முதலில், முகமில்லாத அரசு பிறகு.

ஆனால் இங்கேயே நான் தயங்கவும் செய்கிறேன். கொனான் மண்டையைப் பிளந்துவிட்டுக் கப்பலேறிவிடுகிறான். கதை அவனோடு கடலுக்குப் போய்விடுகிறது. மறுநாள் அந்தத் துறைமுகத்தில் யாருடைய கதவு தட்டப்பட்டது, எந்தத் தெரு சுற்றிவளைக்கப்பட்டது என்று கதை சொல்வதில்லை. கப்பல் ஏறியவர்களின் கதையையும் ஏறாதவர்களின் கதையையும் சேர்த்தே அறிந்தவர்கள் நாங்கள். காட்டுமிராண்டிக் கதைகளின் பெரிய வசதி, அவற்றில் மறுநாள் கிடையாது என்பதுதான்.

காணி யாருடையது?

1935இல் வெளியான 'கறுப்பு ஆற்றுக்கு அப்பால்' ஹோவார்டின் மிகச் சிறந்த கதை என்று பலர் சொல்வார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. அக்குலோனியா என்ற பேரரசு எல்லைக்கு அப்பால் பிக்டுகள் வாழும் காட்டை வெட்டிக் குடியேற்றம் செய்கிறது. ஒரு கோட்டை கட்டுகிறது. குடியேறிய ஏழை விவசாயிகள் மரக்குடிசைகளில் வாழ்கிறார்கள். ஹோவார்ட் எழுதியது உண்மையில் அமெரிக்க எல்லைப்புற வரலாற்றைத்தான்.

கதையின் தொடக்கத்தில், காட்டுப்பாதையில் நடந்தபடி, கொனான் இளம் குடியேறி ஒருவனிடம் ஒரு விடயம் சொல்கிறான். இந்தக் குடியேற்றமே பைத்தியக்காரத்தனம். பிரபுக்களின் பெருந்தோட்டங்களைப் பிரித்து, மான்வேட்டைக்கு விட்ட நிலத்தில் கோதுமை விதைத்தால் பிக்டுகளின் காணியைப் பிடுங்கவேண்டிய தேவையே இராது என்பது அவன் கருத்து. இந்த இடத்தில் நான் வாசிப்பை நிறுத்தி எழும்பி நடந்தேன். நிலமற்ற ஏழையை எல்லைக்கு அனுப்பி, அங்கிருக்கும் இன்னோர் ஏழையோடு மோதவிட்டு, நடுவில் இருக்கும் பெரியவர்கள் தங்கள் நிலத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். காணிப் பிரச்சினை பற்றிச் செய்தி எழுதுபவர்கள் நூறு பக்கத்தில் சொல்வதைக் கூலிக்குச் சண்டை பிடிக்கும் ஒருவன் நடைபாதையில் சொல்லிவிட்டான்.

அதே கொனான் அந்தக் கோட்டையின் சம்பளத்துக்குத்தான் வேலை செய்கிறான். கதை முடியும்போது கோட்டை எரிகிறது. அந்த இளைஞனும் ஒரு நாயும், பெண்களும் பிள்ளைகளும் தப்பியோட நேரம் கிடைக்கவேண்டும் என்பதற்காகப் பாதையை மறித்து நின்று சாகிறார்கள். காட்டுமிராண்டித்தனமே மனிதனின் இயல்பான நிலை, நாகரிகம் ஒரு தற்செயல், இறுதியில் வெல்வது காட்டுமிராண்டித்தனமே என்று ஒரு வனவாசி சொல்வதுடன் கதை முடிகிறது. ஹோவார்ட் இதை வெற்றிக் குரலில் எழுதவில்லை. எழுத்தாளர் எச். பி. லவ்கிறாப்டுடன் 1930 முதல் கடிதம் மூலம் நடத்திய நீண்ட விவாதத்திலும், காட்டு வாழ்வு சொர்க்கம் என்று அவர் வாதிடவில்லை. அது கொடியதுதான், ஆனால் நாகரிகம் தன் கொடுமையைச் சட்டத்துக்குள்ளும் மரியாதைக்குள்ளும் ஒளித்து வைக்கிறது என்பதே அவர் பக்கம்.

இந்தக் கதையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பிக்டுகளுக்கு அதில் குரல் இல்லை. அவர்கள் பூசிய முகங்கள், முரசுச் சத்தம், அம்புகள். காணி அவர்களுடையது என்று கொனான் ஒப்புக்கொள்கிறான். ஆனால் காணியை இழந்த ஒரு பிக்டுத் தாயின் பெயர்கூட நமக்குத் தெரியவராது. வாசிக்கும்போது நான் யார் பக்கம் நிற்கிறேன் என்று பலமுறை குழம்பினேன். ஓடுகின்ற பிள்ளைகளோடும் ஓடினேன், முரசு அடிக்கும் காட்டுக்குள்ளும் இருந்தேன்.

ஏன் நிலைத்தான்?

ஹோவார்ட் இறந்தபோது அவர் பெயரை அறிந்தவர்கள் சஞ்சிகை வாசகர்கள் மட்டுமே. 1960களின் நடுப்பகுதியில் பிராங்க் பிரசெற்றாவின் அட்டை ஓவியங்களுடன் மலிவுப் பதிப்பு நூல்கள் வந்தபோது கொனான் மறுபடி பிறந்தான். 1970இல் மார்வல் நிறுவனம் அவனைச் சித்திரக்கதை ஆக்கியது. 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' விளையாட்டு ஹோவார்டிடம் நிறையக் கடன்பட்டது. 1980களில் 'காட்டுமிராண்டி' என்பதே அதில் ஒரு பாத்திர வகையானது. 1982இல் திரைப்படம். இன்று கணினி விளையாட்டுகளில் கோடரியுடன் வரும் வெற்றுமார்பு வீரர்கள் எல்லோரும் அவன் பேரப்பிள்ளைகள்.

சந்தைப்படுத்தல் மட்டும் ஒருவனை இவ்வளவு காலம் வாழவைக்காது. எனக்குத் தெரிந்த காரணங்கள் மூன்று. ஒன்று, அவன் உடைமைகள் அத்தனையும் அவன் உடம்போடு இருக்கின்றன. காணி உறுதி, அடையாள அட்டை, பதிவு, பாஸ் எதுவும் அவனுக்குத் தேவையில்லை. இடம்பெயரும்போது எந்தக் கோவையை எடுத்து ஓடுவது என்று யோசிக்கவேண்டியதில்லை. இரண்டு, அவன் அடிக்கடி பூச்சியத்திலிருந்து தொடங்குகிறான். திருடன், கடற்கொள்ளையன், கூலிப்படையாள், அரசன் என்று எல்லாமாகவும் இருந்திருக்கிறான். ஒரு கதையில் உழைத்தது அடுத்த கதையில் இருப்பதில்லை. அதற்காக அவன் புலம்புவதுமில்லை. மூன்று, அவன் கடவுள் குரோம் எவருக்கும் உதவாத கடவுள். மலைமேல் இருக்கிறார், கூப்பிட்டால் வரமாட்டார். பிறக்கும்போது கொஞ்சம் மனத்திடத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட்டார். பதுங்குகுழிக்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டு முடித்த பிறகு, இதைப்போல ஒரு கடவுளை நினைத்துக்கொண்டு எழும்பி நடந்தவர்கள் பலர்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். அச்சில் வந்த முதல் கதையிலேயே கொனான் அரசன். அவனுக்கு எதிராகப் பாட்டெழுதி மக்களைத் திருப்பும் ஒரு கவிஞனைத் தூக்கிலிடச் சொல்கிறார்கள். மறுக்கிறான். கவிஞனின் பாட்டு தன் செங்கோலைவிட நெடுநாள் வாழும் என்று அவனுக்குத் தெரியும். பிறகு அதே கவிஞன் கொலைகாரர்களோடு அரண்மனைக்குள் பாயும்போதும் கொனானின் கை தயங்குகிறது. விலாவில் குத்து விழுந்த பிறகே கொல்கிறான். எழுதுபவர்கள் கொல்லப்பட்டும் காணாமல் ஆக்கப்பட்டும் போன நாட்டில் இருந்து இதை வாசிக்கிறேன். அந்தத் தயக்கமாவது இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

எதை எடுக்கக்கூடாது

கொனான் கதைகளில் இனவாதம் இருக்கிறது. மறைக்க முடியாது. கறுப்பின மக்கள் பல கதைகளில் கும்பலாக, மூர்க்கமாக, மிருகத்துக்கு உவமையாக வருகிறார்கள். பெண்கள் பெரும்பாலும் காப்பாற்றப்படுவதற்காகவே இருக்கிறார்கள், சில விதிவிலக்குகளைத் தவிர. நகரத்தின் தீர்ப்பைத் தலைகீழாக்கிய ஹோவார்ட், தன் ஊரின் தீர்ப்பை அப்படியே விட்டுவிட்டார்.

பதில் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அதே 'வியர்ட் ரேல்ஸ்' சஞ்சிகையில் 1934இலேயே சி. எல். மூர் என்ற பெண் எழுத்தாளர் ஜிரெல் என்ற வாளேந்திய நாயகியைப் படைத்தார். வியட்நாம் போருக்கு ஆள்சேர்ப்பதை மறுத்துக் கனடாவுக்குப் போன கறுப்பின எழுத்தாளர் சார்ள்ஸ் சோண்டர்ஸ், தான் நேசித்த இந்தக் கதைவகை தன்னை அவமதிப்பதைக் கண்டு, ஆபிரிக்காவைப் போன்ற ஓர் உலகில் இமாரோ என்ற வீரனை எழுதினார். முதல் நாவல் 1981இல் வந்தது. 2006இல் அதை மறுபதிப்புச் செய்தபோது ஒரு கதையை அவரே நீக்கிவிட்டார். அதில் கற்பனையாக எழுதியிருந்தது 1994இல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையோடு மிக நெருங்கிப் போயிருந்தது. உண்மை நடந்தேறிய பின்னர் அதை வீரக்கதையாக விற்க அவருக்கு மனம் வரவில்லை. பத்திரிகையாளராகவும் இருந்த சோண்டர்ஸ் 2020இல் இறந்து, பெயரில்லாத புதைகுழியில் அடக்கம் செய்யப்பட்டார். பிறகு நண்பர்களும் வாசகர்களும் பணம் சேர்த்து நடுகல் வைத்தார்கள்.

எனக்கு நெருக்கமான கவலை ஒன்றும் உண்டு. போருக்குப் பிந்திய யாழ்ப்பாணத்து வாள்வெட்டுச் சம்பவங்கள் பற்றி நானும் செய்தி எழுதியிருக்கிறேன். வாளோடு படம் எடுத்துப் பதிவேற்றியதற்காகக் கைதான இளைஞர்கள் பற்றியும் எழுதியிருக்கிறேன். கொனானால்தான் இது வந்தது என்று சொன்னால் அது அபத்தம். வேலையின்மை, போதைப்பொருள், தகர்ந்த குடும்பங்கள் என்று காரணங்கள் வேறு. ஆனால் வாள் பிடித்த படத்தில் அந்தப் பெடியன் தேடுவது என்ன என்று எனக்குப் புரிகிறது. எவரும் தன்னைக் கணக்கெடுக்காத ஊரில், ஒரு கணம் தன்னைக் கண்டு ஒருவர் பயப்படவேண்டும் என்று தேடுகிறான். கொனானிடமிருந்து அவனுக்குக் கிடைத்தது வாள் மட்டும். கோபுரத்துக்குள் வந்த அந்த வெட்கம் கிடைக்கவில்லை.

திரைப்படம் செய்த பிழையும் இதுதான். ஹோவார்டின் கொனான் போர்க்களத்தில் பிறந்த கொல்லனின் மகன். ஊரைப் பார்க்கும் ஆசையில் வீட்டைவிட்டுக் கிளம்பியவன். அவனுக்குப் பழிதீர்க்க எதுவும் இல்லை. படம் அவன் தாயைக் கொன்று, அவனை அடிமையாக்கி, வாழ்நாள் முழுவதும் பழிவாங்கலுக்கு நேர்ந்துவிட்டது. வாழ்க்கையில் மிகச் சிறந்தது எது என்று அவனைக் கேட்கும்போது, எதிரியை நசுக்கி அவர்களுடைய பெண்களின் ஒப்பாரியைக் கேட்பது என்று அவன் சொல்லும் காட்சி உலகப் புகழ்பெற்றது. ஆங்கிலம் கற்ற பிறகு இந்த வசனம் எனக்கு விளங்கியபோது, அம்மம்மா பாஷை விளங்காமலே அதை விளங்கிக்கொண்டுதான் எழும்பிப் போனார் என்று நினைத்தேன். அந்த ஒப்பாரியை நாங்கள் கேட்டிருக்கிறோம். 2009இல் மிக அருகில் கேட்டோம். அதில் சிறந்தது எதுவும் இல்லை.

இந்த வசனத்துக்கு ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் ரெரி பிரட்செட் 1986இல் ஒரு பதில் எழுதினார். அவருடைய கோஹென் என்ற காட்டுமிராண்டி வீரனுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பல் இல்லை, முதுகு வலி. வாழ்க்கையில் சிறந்தது எது என்று அவனிடமும் கேட்கிறார்கள். சுடுதண்ணீர், நல்ல பல் வைத்தியம், மிருதுவான மலசலகூடக் காகிதம் என்கிறான் அவன். உலகம் முழுக்கச் சிரித்த பகிடி இது. நானும் சிரித்தேன். பிறகு முள்ளுக்கம்பி முகாமில் அம்மம்மா மலசலகூட வரிசையில் பிளாஸ்ரிக் போத்தல் தண்ணீரோடு நின்றது நினைவுக்கு வந்தது. உண்மையில் போரைக் கண்ட கிழவனோ கிழவியோ சொல்லும் பதில் கோஹென் சொன்னதுதான்.

அம்மம்மா முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி நான்கு வருடம் இருந்தார். திரும்பிய பிறகு அவர் முதலில் கேட்டது கிணறு இறைக்க ஆள். இரண்டாவதாக, கதவு பூட்டக்கூடிய ஒரு மலசலகூடம். அது கட்டி முடிந்த அன்று பின்னேரம் வாசலில் கதிரை போட்டு இருந்தவர், தம்பியைக் கூப்பிட்டு, "சட்டையைப் போட்டுக்கொண்டு வா, கட்டின மேசனுக்குத் தேத்தண்ணி குடு" என்றார்.